திருவுள்ளம் இரங்குமளவும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

 

திருஎவ்வுளூரில் சயனித்தருளும் ஸ்ரீவீரராகவப் பெருமாளின் திருவடிகளை ஸேவிக்க நாலா திசைகளினின்றும் வந்து கூடியிருக்கிறீர்கள். திருவாலங்காட்டிலும் மணவூரிலும் கடம்பத்தூரிலும் விடியற்காலை ரயிலில் இடம் பிடித்து வந்தவர்கள் பலர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்துக் கண்ணயராமலே பஸ் ஏறி வந்தவர்கள் சிலர். காக்களூர் தொழிற்பேட்டையில் அரை நாள் அனுமதி பெற்று, உச்சிக்கால பூஜைக்குள் ஸேவித்துவிட்டுத் திரும்ப வேண்டுமென்று கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருப்பவர்களும் உண்டு. ஹ்ருத்தாபநாசினித் திருக்குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டு ஈரக் கையோடு ஸந்நிதி வாசலில் நிற்கிறீர்கள். அந்த வெல்லத்தைப்போலவே நோயும் துயரும் கரையும் என்பது நம் முன்னோரின் நம்பிக்கை.

ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. ஒப்பந்தக் கூலியாக ஆண்டுகள் பல கழிந்தன, வேலை நிரந்தரமாக வேண்டும் என்பார் ஒருவர். மகள் படித்து முன்னுக்கு வர வேண்டும் என்பார் மற்றொருவர். வெட்டிய கரும்புக்கு உரிய காலத்தில் பணம் கைக்கு வரவேண்டும் என்பார் வேறொருவர். இவற்றில் எதுவும் பேராசை என்று தள்ளத் தக்கதன்று. ஆனால் அடியேன் கவனித்த ஒன்றுண்டு. விண்ணப்பத்தின் கூடவே ஒரு வாட்டமும் வந்து நிற்கிறது. “போன அமாவாசைக்கும் வந்தேன், அதற்கு முந்தின வருஷமும் வந்தேன், இன்னும் பெருமாள் கண் திறக்கவில்லையே, இனியும் கேட்கத்தான் வேண்டுமா?” என்னும் வாட்டம் அது. இந்த ஒரு கேள்விக்கு நம் பெரியோர்களின் சரித்திரம் என்ன விடை தருகிறது என்பதை மட்டும் இங்குச் சிறிது சிந்திப்போம்.

விடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இத்தலத்தின் பெயரிலேயே அது அடங்கியிருக்கிறது. சாலி யஜ்ஞத்தின் பயனாகப் பிறந்த சாலிஹோத்ர மஹரிஷி, தீர்த்த யாத்திரையாக வந்து, வீக்ஷாரண்யம் எனப்பட்ட இவ்விடத்தின் புண்ணிய தீர்த்தத்தைக் கண்டு, இங்கேயே தவமியற்றத் தொடங்கினார். ஓராண்டுக் காலம் உபவாஸம். தை அமாவாசையன்று விரதத்தை முடிக்க எண்ணி, திரட்டிய நெல்லை அரிசியாக்கி மாவாக்கி, பகவானுக்கு நிவேதித்து, அதிதி ஒருவர் வருவாரா என்று காத்திருந்தார். தள்ளாத கிழவர் ஒருவர் வந்தார். அதிதிக்குரிய பங்கை உண்டார். பசி அடங்கவில்லை என்றார். மஹரிஷி தமக்கென்று வைத்திருந்த பங்கையும் எடுத்து அவர் முன் வைத்தார். கிழவர் அதையும் உண்டுவிட்டுப் போய்விட்டார்.

இங்குச் சற்று நிற்க வேண்டும். தலபுராணத்தை வாசிக்கும் நாம் இந்த இடத்தை விரைந்து கடந்து, எம்பெருமான் காட்சி கொடுத்த கட்டத்துக்கு ஓடிவிடுகிறோம். ஒரு வருஷம் பட்டினி கிடந்தவர். விரதம் முடியும் நாளில் ஒரு கவளமும் தமக்கு மிஞ்சவில்லை. கிழவர் யார் என்று அவருக்குத் தெரியாது. தரிசனமும் கிட்டவில்லை, வரமும் கிட்டவில்லை. அவர் என்ன செய்தார்? யாரையும் நோகாமல், மறுபடியும் ஓராண்டு உபவாஸத்தைத் தொடங்கினார். இரண்டாம் ஆண்டின் முதல் நாளன்று அந்த ரிஷியின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதலாண்டு தவத்துக்கு ஆர்வம் துணை இருந்தது. இரண்டாம் ஆண்டுக்கு எது துணை? முதலாண்டு விளைவில்லாமல் போயிற்று என்ற நினைவுதான் கூட இருந்திருக்கும்.

அடுத்த தை அமாவாசையிலும் அதே கிழவர் வந்தார். அதே போல் உண்டார். உண்ட களைப்புக்குப் படுக்க இடம் வேண்டும் என்றார். “படுப்பதற்கு எவ்வுள்?” என்று அவர் கேட்க, மஹரிஷி தம்முடைய பர்ணசாலையைக் காட்டினார். உள்ளே சென்று சயனித்த கிழவர் ஆதிசேஷன்மேல் பள்ளிகொண்ட பெருமாளாகக் காட்சி கொடுத்தார். ஊரும் எவ்வுள் ஆயிற்று. பெருமாளும் எவ்வுள் கிடந்தான் ஆனார். திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்தருளிய திவ்யதேசமாகவும் இது விளங்குகிறது. முதலாண்டு வந்து உண்டு போனவரும் பெருமாளே என்பதை மஹரிஷி இரண்டாம் ஆண்டில்தான் அறிந்தார். அன்று அவர் வெறுங்கையோடு நின்றதாக நாம் நினைத்தோமே, அன்றைக்கே எம்பெருமான் அவர் கையால் வாங்கி உண்டுவிட்டுத்தான் போயிருக்கிறான்!

இனி ஸுந்தர காண்டத்துக்கு வருவோம். வீடுதோறும் பாராயணம் செய்கிற அந்தக் காண்டத்தில், கடலைத் தாண்டிய ஆஞ்சநேயரின் பராக்கிரமத்தை எல்லோரும் கொண்டாடுகிறோம். கடலைத் தாண்டியதைக் காட்டிலும் கடினமான ஒரு கட்டம் அதற்குப் பிறகு வருகிறது. இலங்கையின் மாளிகைகள், கோபுரங்கள், நிலவறைகள், ராவணனின் அந்தப்புரம் என்று எல்லா இடங்களையும் தேடியாயிற்று. மண்டோதரியைக் கண்டு இவள்தான் ஸீதை என்று மகிழ்ந்து வாலை முத்தமிட்டு ஆடிக் குதித்து, உடனே அது தகாத எண்ணம் என்று தெளிந்து ஏமாந்தும் ஆயிற்று. பிராட்டியைக் காணாமல் திரும்பினால் ராமன் உயிர் தரியான், அவனைத் தொடர்ந்து குலமே அழியும் என்று எண்ணி, திரும்பிப் போவதைவிட இங்கேயே உயிரை விடுவது மேல் என்னும் அளவுக்கு வாயு புத்திரனே தளர்ந்து போகிறார்.

பரீட்சை முடிவு வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழும் பிள்ளைக்கும் அன்றைய ஆஞ்சநேயருக்கும் உள்ள தூரம் அதிகமில்லை. அந்தப் பிள்ளையின் பெற்றோர் இதை நினைவிற் கொள்ள வேண்டும். அன்றிரவு அவனிடம் மதிப்பெண் கணக்குக் கேட்பது தகாது. பக்கத்தில் உட்கார்ந்து உண்ணச் செய்வதே முறை. ஆஞ்சநேயர் மீண்டது எப்படி? உயிரை விட்டால் கெடுதி பல, உயிரோடிருந்தால் நன்மையை என்றேனும் அடையலாம் என்று தமக்குத் தாமே சொல்லிக் கொண்டார். மனம் சோராமையை வால்மீகி முனிவர் ‘அநிர்வேதம்’ என்பார். அந்தச் சோராமையோடு தலை நிமிர்ந்து பார்த்தபோது, இன்னும் தேடாத சோலை ஒன்று கண்ணில் பட்டது. அதுதான் அசோகவனம். பிராட்டி அங்கேதான் இருந்தாள். இலங்கையில் அவர் தேடாமல் விட்ட இடம் அது ஒன்றே.

புராண இதிஹாஸங்களில் உள்ளவர்கள் தெய்வாம்சம் பெற்றவர்கள், நம்மைப்போன்ற மனிதர்களுக்கு இது கைகூடுமா என்று கேட்கலாம். நமக்கு அண்டையிலுள்ள ஸ்ரீபெரும்பூதூரில் 1017ஆம் ஆண்டில் அவதரித்த எம்பெருமானாரின் சரித்திரத்தைப் பார்ப்போம்.

இளமையில் அவர் அடைந்த முதல் ஏமாற்றமே பேரிடி போன்றது. ஆளவந்தாரைத் தரிசித்து அவரிடம் உபதேசம் பெறவேண்டுமென்று பெரிய நம்பிகளுடன் காஞ்சியிலிருந்து திருவரங்கம் நடந்தார். காவிரிக் கரையை அடைந்தபோது ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். திருமேனியைத்தான் ஸேவிக்க முடிந்தது. மடங்கியிருந்த மூன்று விரல்களைக் கண்டு மூன்று பிரதிக்ஞைகள் செய்தார். துக்கம் தாளாமல், அரங்கனையும் ஸேவியாமல் காஞ்சிக்குத் திரும்பிவிட்டார் என்று குருபரம்பரை வரலாறுகள் கூறுகின்றன. ஜகதாசார்யருக்கும் பெருமாளிடம் பிணக்கு வந்ததுண்டு. பெருமாளோடு கோபித்துக்கொண்டு சில மாதம் கோயில் பக்கமே வராதிருந்த அன்பர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

ஒரே இடத்தில் பெற வேண்டியிருந்த செல்வம் பிறகு ஐந்து இடங்களில் சிதறிக் கிடந்தது. ஆளவந்தாரின் சீடர்களான பெரிய நம்பி, பெரிய திருமலை நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப் பெருமாள் அரையர், திருக்கோட்டியூர் நம்பி ஆகிய ஐவரிடமும் தனித்தனியே சென்று கற்க வேண்டியதாயிற்று. அவர்களுள் திருக்கோட்டியூர் நம்பிதான் எளிதில் இரங்காதவர். ரஹஸ்யார்த்தத்தைப் பெறுவதற்காக உடையவர் அவரிடம் பதினெட்டு முறை நடந்தார் என்பது நாடறிந்த செய்தி.

திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூர் இன்றைய சாலைக் கணக்கில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பதினெட்டு முறை போக வர என்றால் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். காவிரியின் பசுமையை விட்டு, புதுக்கோட்டைச் சீமையின் வறண்ட பொட்டல்களைக் கடந்து போகும் வழி அது. பதினெட்டு என்ற எண்ணுக்குக் கீதையின் அத்தியாயங்களோடு பொருத்தம் சொல்லி உபந்யாஸகர்கள் சுவைபடப் பேசுவார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அடியேனுடைய மனம் அந்த எண்ணில் நிற்பதில்லை. அவர் திரும்பி வந்த பதினேழு நடைகளிலேயே நிற்கிறது. போகும்போது ஆசை காலை இழுத்துச் செல்லும். ‘இன்று இல்லை, போய் வாரும்’ என்ற சொல்லைக் கேட்டபின், அதே பொட்டல் வழியில், அதே வெயிலில், வெறுங்கையோடு திரும்பி நடப்பதற்கு வேறொரு பலம் வேண்டும்.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. அவர் நம்பிகளின் திருமாளிகை வாசலில் பிடிவாதமாக உட்கார்ந்துவிடவில்லை. திருவரங்கத்தில் கோயில் நிர்வாகமும் மடத்தின் பொறுப்பும் சீடர்களுக்குக் காலக்ஷேபமும் காத்திருந்தன. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார், தம் கைங்கர்யத்தைச் செய்தார், மறுபடி புறப்பட்டார். வேண்டியது கிடைக்கவில்லை என்பதற்காக, கையிலிருந்த கடமையை அவர் ஒரு நாளும் கீழே வைக்கவில்லை. விரும்பிய வேலை கிடைக்கும் வரையில் கிடைத்த வேலையில் மனம் வைக்க மாட்டேன் என்னும் இளைஞர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

நம்பிகள் உள்ளிருந்து யார் என்று கேட்டபோது ‘நான்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டதாகவும், ‘அடியேன்’ என்று சொன்ன பிறகே கதவு திறந்ததாகவும் வழங்கும் கதையை எல்லோரும் அறிவீர்கள். தண்டும் பவித்திரமுமாகத் தனியே வரும்படி நம்பிகள் பணிக்க, முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் உடன் அழைத்துச் சென்று, ‘இவர்களே எனக்குத் தண்டும் பவித்திரமும்’ என்று விண்ணப்பித்த வரலாறும் உண்டு. பதினேழு முறை தாம் பட்ட பாட்டின் பயனைத் தாம் மட்டும் உண்ண அவருக்கு மனம் வரவில்லை. பெற்ற பிறகோ, ஆசையுடையார் அனைவரும் அறியட்டும் என்று திருக்கோட்டியூரிலேயே வெளியிட்டருளினார். கோபுரத்தின்மேல் ஏறி முழங்கினார் என்றும், கூடியிருந்த வைஷ்ணவர்களுக்கு உரைத்தார் என்றும் சொல்வதில் வேறுபாடு உண்டு. கொடுத்துவிட்டார் என்பதில் வேறுபாடு இல்லை. கேட்டவுடனே முதல் நடையிலேயே கிடைத்திருந்தால், இவ்வளவு தாராளமாகக் கொடுத்திருப்பாரோ என்னவோ! கதவுக்கு வெளியே நிற்பவனின் தாபத்தைப் பதினேழு முறை தாமே அறிந்தவரல்லவா அவர்?

சரணாகதி சாஸ்திரம் கற்றவர்கள் இங்கு ஓர் ஆக்ஷேபம் எழுப்பக் கூடும். “எல்லாம் அவன் செயல் என்று பாரத்தை அவன் திருவடியில் வைத்தவனுக்கு விடாமுயற்சி எதற்கு?” என்பார்கள். ப்ரபத்திக்கு நம் பூர்வாசார்யர்கள் சொன்ன ஐந்து அங்கங்களில் கார்ப்பண்யம் ஒன்று, மஹாவிச்வாஸம் ஒன்று. என்னால் ஆவது ஒன்றுமில்லை என்னும் தாழ்ச்சி கார்ப்பண்யம். அவன் நிச்சயம் காப்பான் என்னும் அசையாத உறுதி மஹாவிச்வாஸம். இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் கூடி நிற்கவேண்டும் என்பதுதான் நுட்பம். முதலாவது மட்டும் இருந்தால் சோர்ந்து படுத்துவிடுவோம். இரண்டாவது மட்டும் இருப்பதாக நினைத்தால் அது பல சமயம் நம்முடைய அகங்காரமாகவே முடியும். திருக்கோட்டியூர் வழியில் திரும்பி நடந்தவரிடம் இரண்டும் இருந்தன.

விச்வாஸம் தளர்வதற்குப் பெரியோர்கள் காட்டும் உதாரணம் இந்திரஜித்தின் பிரஹ்மாஸ்திரம். அது ஆஞ்சநேயரைக் கட்டியிருந்தது. அது போதாதென்று அரக்கர்கள் சணல் கயிற்றாலும் கட்டினார்கள். உடனே அஸ்திரம் தானே அவிழ்ந்து கொண்டது. பெருமாளிடம் விண்ணப்பித்த மறுநாளே ஜோஸ்யரையும் தாயத்துக்காரரையும், வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் தரகரையும் நாடிப் போகிறவர்கள் அந்தச் சணல் கயிற்றைச் சற்று நினைத்துக் கொள்வது நலம். அப்படிப் போய் வீடு நிலம் இழந்தவர்களை நம் பக்கத்துக் கிராமங்களிலேயே காணலாம்.

எந்த முயற்சியையும் விடாமல் செய்துகொண்டே இருப்பது சிறப்பு என்றும் சொல்வதற்கில்லை. திருமழிசையாழ்வார் பல சமயங்களிலும் புகுந்து தேடிக் களைத்திருந்த காலத்தில், பேயாழ்வார் அவர் கண்ணெதிரே செடியைத் தலைகீழாக நட்டு, அறுந்த கயிற்றாலும் ஓட்டைக் குடத்தாலும் நீர் இறைத்து ஊற்றிக் கொண்டிருந்தாராம். இது என்ன பேதைமை என்று அவர் நகைக்கவே, பேச்சு வளர்ந்து, முடிவில் அவரையே தம் ஆசார்யராகத் திருமழிசைப்பிரான் ஏற்றார். ஆண்டுக்கணக்கில் பாடுபட்டும் துளிர் காணாதபோது, நட்ட விதம் சரிதானா, குடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்பது இழுக்கன்று. திருமழிசையாழ்வாரே கேட்டார்.

அண்மைக் கால உதாரணம் ஒன்றும் சொல்லவேண்டும். 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி ஈரோட்டில் ஒரு ஏழை ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன். நாமக்கல் நாமகிரித் தாயார் அக்குடும்பத்தின் குலதெய்வம். கணக்கில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் கல்லூரியில் பெற்ற உபகாரச் சம்பளத்தை இழந்தார். 1905இல் மனமுடைந்து வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை, மறுமுறை எழுதியும் தேறவில்லை. காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். நெல்லூர்க் கலெக்டராயிருந்த ராமசந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அந்த வேலையையும் ஒழுங்காகப் பார்த்தார், கணக்கையும் விடவில்லை.

இங்கிலாந்திலுள்ள இரண்டு பேராசிரியர்களுக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார், பயனில்லை. 1913 ஜனவரியில் மூன்றாமவருக்கு எழுதினார். அவர்தான் கேம்பிரிட்ஜ் ஹார்டி. கடல் கடந்து போவது ஆசாரத்துக்கு விரோதம் என்று வீட்டில் தடை இருந்தது. நாமகிரித் தாயார் கனவில் தோன்றி, மகனைத் தடுக்காதே என்று ஆணையிட்டதாக அவர் தாயார் சொல்லித் தடை நீங்கியது என்பர். 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1918இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார்.

அதோடு நிறுத்திவிட்டால் கதை இனிமையாக முடியும். ஆனால் அது முழு உண்மையாகாது. நோயுற்றுத் தாயகம் திரும்பிய அவர் 1920 ஏப்ரல் 26ஆம் தேதி, 32 வயதில் காலமானார். படுக்கையில் கிடந்த கடைசி நாட்களிலும் கணக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அந்தத் தாள்களைக் கணித நிபுணர்கள் இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள்.

எல்லோருக்கும் ஒரு ஹார்டி கிடைப்பாரா, எல்லா விண்ணப்பமும் பலிக்குமா என்றால், பலிக்கும் என்று அடியேன் உறுதி கூறத் துணியேன். பரதாழ்வானை நினையுங்கள். அவன் சித்திரகூடத்தில் கேட்டது அண்ணன் அயோத்திக்குத் திரும்பி வரவேண்டும் என்பது. அழுதான், தர்க்கம் செய்தான், உண்ணாமல் தர்ப்பையில் கிடந்தான். ராமன் வரவில்லை. கிடைத்தவை பாதுகைகள் மட்டுமே. அவற்றைத் தலைமேல் தாங்கி வந்து, நந்திக்கிராமத்தில் மரவுரி தரித்துக் கொண்டு, பதினான்கு ஆண்டுகள் ராஜ்யத்தை ஒரு குறைவுமின்றி நடத்தினான். கேட்டதை மறுத்தவன் வெறுங்கையாக அனுப்பவில்லை. ஆனால் அது கேட்ட பொருளுமன்று. சரணாகதியின் பெருமையைப் பேசும்போது நம் ஆசார்யர்கள் கஜேந்திரனோடு பரதனையும் சேர்த்தே பேசுகிறார்கள். கஜேந்திரனுக்குக் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தான். பரதனுக்குப் பதினான்கு ஆண்டு கழித்து வந்தான்.

திருவாலங்காட்டுப் பக்கத்து அன்பர்களுக்குக் காத்திருப்பதைப் பற்றி அடியேன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரும்பு நட்டவனுக்கு வெட்டு வருவதற்கே ஏறத்தாழ ஓராண்டாகிறது. இடையில் மழை பொய்க்கும், பூச்சி விழும். ஆனாலும் அடுத்த பட்டத்துக்குக் கரணை நறுக்காதவர் இல்லை. காரைக்காலம்மையார் தலையால் நடந்த மண் என்று காலால் மிதிக்க அஞ்சி, ஞானசம்பந்தர் பழையனூரிலே தங்கினார் என்று சைவப் பெரியோர்கள் கொண்டாடும் ஊர் அது. வழி நடப்பதன் அருமை அவ்வூர் மண்ணுக்கே தெரியும்.

இன்று ஸந்நிதியில் நெரிசல் அதிகமாக இருக்கும். நின்று ஸேவிக்கச் சில நிமிஷங்களே கிடைக்கும். கற்பூர ஹாரத்தியின் ஒளியில் திருமுக மண்டலத்தை ஸேவித்த பின், திருக்கரங்களைப் பாருங்கள். இடத் திருக்கரம் நாபிக் கமலத்துப் பிரமனுக்கு உபதேசிக்கும் பாவனையில் இருக்கும். வலத் திருக்கரம் இரண்டாண்டு பசித்திருந்த சாலிஹோத்ரரின் தலைமேல் இருக்கிறது.